ஸ்ப்ளிட்டிலிருந்து ஒரு வாரம்: மோனோஹல்லா, கேடமரானா? டீசலை வைத்து ஒரு அலசல்

குரோஷியாவின் ஸ்ப்ளிட்டில் படகை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஒரு வாரம் நாமே ஓட்டுவது என்று முடிவானதும் அடுத்த கேள்வி, எந்தப் படகு? ஒரே உடல் கொண்ட 40 அடி பாய்மரப் படகு (மோனோஹல்), இரண்டு உடல்களை இணைத்த 42 அடி பாய்மரப் படகு (கேடமரான்), இரண்டும் வேண்டாமென்றால் மோட்டார் படகு. நாங்கள் எடுத்தது மோனோஹல். மறுபடி போனாலும் அதையேதான் எடுப்பேன், அதனால் இது நடுநிலையான அலசல் இல்லை. காரணம் பெரும்பாலும் டீசல். டீசலின் விலைகூட இல்லை, டீசல் எங்கே, எதற்காக எரிகிறது என்பதுதான்.

மோட்டார் படகைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 40 அடி, இரட்டை என்ஜின், 20 நாட் வேகத்துக்கு (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) மேல் பறக்கும் வகை என்றால் ஒரு கடல் மைலுக்கு 4, 5 லிட்டர் குடிக்கும். வாரத்துக்கு 120 மைல் என்று வைத்தால் 500 லிட்டரைத் தாண்டும். குரோஷியாவில் மீனவர்களுக்கும் விவசாயிகளுக்கும் சலுகை விலையில் நீலச் சாயமிட்ட டீசல் உண்டு. நமக்கு அது கிடையாது, பம்ப் விலைதான். லிட்டர் ஒன்றரை யூரோ என்றாலும் 800 யூரோ பக்கம் டீசலுக்கே போய்விடும்.

இடம், வசதி விஷயத்தில் கேடமரானுக்கே வெற்றி. சாயாது, டம்ளர் கவிழாது, வயதானவர்களும் குழந்தைகளும் நிம்மதியாக இருப்பார்கள். வாடகை பல சமயம் இரண்டு மடங்கு, மரீனாவில் கட்டணமும் கூடுதல். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அதிகம் பேசப்படாதது எதிர்காற்று. கோடையில் அந்த ஏட்ரியாட்டிக் கடலில் நல்ல வானிலை என்றால் மயெஸ்த்ரால் காற்றுதான். வடமேற்கிலிருந்து வரும். காலையில் அசைவே இருக்காது, 11 மணிவாக்கில் எழும்பி, பிற்பகலில் வலுத்து, பொழுது சாய்ந்ததும் அடங்கிவிடும். ஸ்ப்ளிட்டிலிருந்து விஸ் தீவுக்குப் போய்வருகிறவர்களுக்கு இது வரம். போகும்போதும் திரும்பும்போதும் காற்று பக்கவாட்டில்தான் கிடைக்கும். ஆனால் பாதிப் பேர் ஹ்வார் தீவிலிருந்து கோர்ச்சுலா தீவுக்கு இறங்குவார்கள். போகும்போது காற்று முதுகில், அருமையான ஓட்டம். திரும்பும்போது அதே 33 கடல் மைல் ஏறக்குறைய நேர் எதிர்காற்று. சனிக்கிழமை காலை படகை ஒப்படைத்தாக வேண்டும், ஆகவே நாளைத் தள்ளிப்போடவும் முடியாது.

இங்கேதான் இரண்டு படகும் பிரிகின்றன. பாயை விரித்து நேர் எதிர்காற்றில் போக முடியாது. மோனோஹல் காற்றுத் திசைக்கு 45 டிகிரி பக்கம் நெருங்கி ஓடும். வளைந்து வளைந்து போனால் 33 மைல் 47 மைல் ஆகும். நீளம்தான், ஆனாலும் கடைசி பத்து மைலையாவது பாயிலேயே முடிக்கலாம். அடிக்கத்திகள் (படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்க நீருக்குள் இறக்கும் பலகைகள்) இல்லாத வாடகைக் கேடமரான் 55, 60 டிகிரிக்கு மேல் நெருங்காது. அதே தூரம் 60 மைலாகிவிடும். யாரும் செய்ய மாட்டார்கள். பாயைச் சுருட்டிவிட்டு இரண்டு என்ஜினையும் முடுக்குவார்கள். பிற்பகல் அலையில் அகலமான முன்பக்கம் ஒவ்வொரு முறையும் மோதி நிற்கும், வேகம் குறையும், ஸ்கிப்பர் இன்னும் முடுக்குவார். ஹ்வாரிலிருந்து வடக்கே, பிராச், ஷோல்தா தீவுகளுக்கு நடுவிலுள்ள குறுகிய கடல்வழிக்குப் போகும் வழியும் இதே கதைதான். மோனோஹல் ஒரே ஓட்டமாகப் பாயில் போய்ச் சேரலாம், கேடமரானில் பெரும்பாலும் என்ஜின்தான்.

கேடமரான்காரர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. கோர்ச்சுலாவிலிருந்து விடியும்போதே கிளம்பிவிட வேண்டும். கண்ணாடி மாதிரிக் கடல், எதிர்ப்பே இல்லை. ஐந்தரை நாட்டில் போனால் 11 மணிக்குள் 27 மைல் முடிந்துவிடும். எந்தப் படகானாலும் இது நல்ல பழக்கம். எதிர்காற்றுத் திசைக்கு எப்படியும் டீசல் எரிக்கத்தான் வேண்டும் என்றால், காற்று எழும்புமுன் எரிப்பதுதான் லாபம்.

அடுத்தது த்ராட்டில், என்ஜினை முடுக்கும் லீவர். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஒரே படகில் டீசல் செலவை இரட்டிப்பாக்குவதும் பாதியாக்குவதும் இந்த லீவர்தான். 40 அடி மோனோஹல்லில் இருக்கும் 40, 45 குதிரைசக்தி என்ஜின் 2000 ஆர்பிஎம்மில் மணிக்குச் சுமார் 3 லிட்டர் குடித்து ஐந்தரை நாட் கொடுக்கும். 2800க்கு ஏற்றினால் 7 நாட் வரும், ஆனால் குடிப்பது 7 லிட்டர். 20 மைல் ஓட்டத்துக்கு முக்கால் மணி நேரம் மிச்சம், டீசல் கிட்டத்தட்ட இரட்டிப்பு. மீட்டரைப் பார்க்கவே வேண்டாம், பின்னால் திரும்பிப் பார்த்தாலே தெரியும். 2000இல் தண்ணீர் தட்டையாக, நுரைக் கோடு மாதிரி விலகிப் போகும். 2800இல் படகின் பின்பகுதி கீழே அமுங்கும், பின்னாலேயே ஓர் அலை முதுகு தூக்கிக்கொண்டு வரும். அந்த அலையைத் தூக்கத்தான் நம் காசு போகிறது. "அண்ணே, கொஞ்சம் முடுக்குங்களேன், பசிக்குது" என்று உள்ளேயிருந்து குரல் வரத்தான் செய்யும். பிஸ்கட் பாக்கெட்டை நீட்டிவிட்டு லீவரை அப்படியே விட்டுவிடுவது நல்லது.

கேடமரானில் இரண்டு என்ஜினும் ஓடினால் ஆறரை நாட்டுக்கு 7, 8 லிட்டர். ஆனால் அமைதியான கடலில் ஒரு என்ஜினை நிறுத்திவிடலாம். மற்றொன்றிலேயே 5 நாட் வரும், செலவு 4 லிட்டர். சுக்கானைக் கொஞ்சம் ஒரு பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு மணிக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டால் இரண்டு என்ஜினுக்கும் சம உழைப்பு. கேடமரான் எடுப்பவர்கள் இதைச் செய்யாவிட்டால் எனக்கே வருத்தமாக இருக்கும். நான் கேடமரானில் போனது நண்பர் குழுவோடு விருந்தாளியாகத்தான், லீவர் என் கையில் இல்லை. அதனால் இந்த எண்களைத் தோராயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தென்கிழக்கிலிருந்து யூகோ காற்று நாள் கணக்கில் வீசும்போது கேடமரான் எப்படிப் போகும் என்பதையும் நேரில் பார்த்தவர்களிடம் கேளுங்கள். கோர்ச்சுலா கணக்கு அப்போது தலைகீழாகிவிடும் என்பது மட்டும் நிச்சயம், திரும்பும் வழியில் காற்று முதுகில் கிடைக்கும்.

ஏசி உள்ள கேடமரானில் இன்னொரு வாய் இருக்கிறது: ஜெனரேட்டர். மணிக்கு 2, 3 லிட்டர். நங்கூரமிட்டு இரவு ஆறு மணி நேரம் ஓடவிட்டால், அன்று பகலில் பயணத்துக்கு எரித்ததைவிட அதிகமாகக்கூட ஆகிவிடலாம். பக்கத்துப் படகுக்காரர்களின் தூக்கமும் போகும். மோனோஹல்களில் பெரும்பாலும் ஏசியே இருக்காது. மேல் ஜன்னலைத் திறந்து படுக்க வேண்டியதுதான். ஆகஸ்டில் அது எல்லோருக்கும் ஒத்துவராது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மொத்தத்தில் 120 மைல் வாரம் ஒன்றுக்கு மோனோஹல்லுக்கு 40 லிட்டர், கேடமரானுக்கு 100, ஜெனரேட்டரும் ஓடினால் 200. பணமாகப் பார்த்தால் 60 யூரோ, 150, 300. வாடகையோடு ஒப்பிட்டால் பெரிய தொகை இல்லை. எனக்கு உறைப்பது வேறு. அந்தக் கூடுதல் லிட்டர் ஒவ்வொன்றும், பாய்மரப் படகுக்கு வாடகை கொடுத்துவிட்டு என்ஜின் சத்தம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது ஒன்று. வழக்கம் நிரம்பிய டேங்க்கோடு எடுத்து நிரம்பிய டேங்க்கோடு கொடுப்பது. சில இடங்களில் என்ஜின் ஓடிய மணிக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். கேடமரானில் என்ஜினுக்கு ஒன்றாக, ஓடிய மணிகளைக் காட்டும் இரண்டு மீட்டர் இருக்கும். இரண்டையும் கூட்டுவார்களா, அதிகமானதை மட்டும் எடுப்பார்களா என்று முதல் நாளே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மீட்டர் எண்களைப் போட்டோவும் எடுத்துவிடுங்கள். டேங்க் முள்ளை நம்ப வேண்டாம், படகு ஆடினால் அதுவும் ஆடும். மோனோஹல்லில் என்ஜின் ஓடிய மணியைக் குறித்துவைத்து 3ஆல் பெருக்குவது அதைவிட நம்பகம்.

டேங்க்கை நிரப்புவது வெள்ளிக்கிழமை. அன்று பிற்பகல் ஸ்ப்ளிட் பக்கத்து எரிபொருள் நிலையங்களில் எல்லா வாடகைப் படகும் ஒன்றாக வந்து சேரும். நங்கூரமும் போடாமல், கயிறும் கட்டாமல், இடம் பிடிக்க ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டே ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் போகும். பக்கக்காற்றில் அப்படி நிற்பது கேடமரானுக்குச் சுலபம், இரண்டு என்ஜினை முன்னும் பின்னுமாகப் போட்டு இருந்த இடத்திலேயே திரும்பும். ஆனால் 15 நிமிடத்தில் மோனோஹல் நிரப்பிவிட்டுப் போகும் இடத்தில், கேடமரானுக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டேங்க். ஷோல்தாவின் ரொகாச் துறைமுகத்தில் ஒரு நிலையம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையிலேயே அங்கே நிரப்பிவிட்டு, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஸ்ப்ளிட் வந்தால் இடையில் எரிவது ஐந்தாறு லிட்டர்தான். படகு கொடுத்தவர்கள் அதை ஏற்பார்களா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மூடியைத் திறக்குமுன் அதில் டீசல் என்று எழுதியிருக்கிறதா, தண்ணீர் என்று எழுதியிருக்கிறதா என்று இன்னொருவரையும் படிக்கச் சொல்லுங்கள். கடைசி ஐந்து லிட்டரை மெதுவாக விடுங்கள். டீசல் நுரைத்துப் பொங்கி மரத்தளத்தில் வழிந்தால் அந்தக் கறை முன்பணத்தில்தான் கைவைக்கும்.