டேப்லெட்டும் டெஸ்க்டாப்பும் இருக்கும் வீட்டுக்கு எந்த லேப்டாப்? பழைய திங்க்பேட், எம்1 மேக்புக் ஏர், குரோம்புக்: ஓர் ஒப்பீடு

கனமான வேலைக்கு டெஸ்க்டாப் இருக்கிறது. படிக்க, பார்க்க டேப்லெட் இருக்கிறது. மூன்றாவதாக வாங்கும் லேப்டாப்புக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்: வெளியே உட்கார்ந்து டைப் செய்வது, பதினைந்து டேப் திறந்து வைத்துத் தேடுவது, எக்செல் ஷீட்டைத் திருத்துவது, வீடியோ மீட்டிங்கில் சேர்வது. அதனால் கிராபிக்ஸ் கார்டுக்கும் ஐ7 பிராசஸருக்கும் கொடுக்கும் பணம் வீண். கீபோர்டு, எடை, பேட்டரி, சார்ஜர் ஆகிய நான்கையும்தான் பார்க்க வேண்டும். கடையில் பேச்சுக்கே வராத இன்னொன்றும் உண்டு. இந்த லேப்டாப் வாரத்தில் பாதி நாள் பைக்குள் மூடியே கிடக்கும். எடுத்துத் திறக்கிற அன்று அதில் சார்ஜ் இருக்க வேண்டும்.

இந்த ஒரு சோதனையில், ஆப்பிளின் சொந்த சிப்பான எம்1 வைத்த மேக்புக் ஏர் மற்ற எல்லாவற்றையும் தாண்டி நிற்கிறது. 2020 நவம்பரில் வந்த மெஷின், எடை 1.29 கிலோ, உள்ளே ஃபேன் கிடையாது. நாலைந்து நாள் மூடி வைத்துத் திறந்தாலும் சார்ஜ் கொஞ்சம்தான் இறங்கியிருக்கும், திரையும் உடனே வந்துவிடும். கையில் இருப்பது ஐபேட் என்றால் இன்னொரு லாபம்: சைட்கார் வழியாக அதையே இரண்டாவது திரையாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் ரேமும் ஸ்டோரேஜும் போர்டோடு சால்டர் செய்யப்பட்டவை, வாங்கிய பிறகு கூட்ட முடியாது. டெஸ்க்டாப் இருக்கும் வீட்டில் 8 ஜிபி, 256 ஜிபி மாடலே போதும்.

பழையதாக வாங்குகிறவர்கள் ஏமாறுவது இரண்டு இடத்தில். முதலாவது, அதே 2020ல் இன்டெல் பிராசஸரோடும் ஒரு ஏர் வந்தது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மேல் வரிசையில் எஃப்5 பட்டனைப் பாருங்கள்: மைக் படம் இருந்தால் எம்1, கீபோர்டு வெளிச்சத்துக்கான படம் இருந்தால் இன்டெல். அந்த இன்டெல் ஏருக்கு மேக் ஓஎஸ் 26 வராது, எம்1க்கு வரும். மலிவாகக் கிடைக்கிறதே என்று இன்டெல்லை எடுக்காதீர்கள்.

இரண்டாவது, பூட்டு. விற்பவர் எதிரிலேயே எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லி, வைஃபையில் இணைத்து, செட்டப்பை முடித்துப் பாருங்கள். பழைய ஆப்பிள் ஐடி கேட்டால் ஆக்டிவேஷன் லாக் (பழைய சொந்தக்காரரின் கணக்குப் பூட்டு) எடுக்கப்படவில்லை என்று அர்த்தம். ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ திரை வந்தால் அது ஏதோ ஒரு கம்பெனியின் நிர்வாகத்தில் இன்னும் பதிவாகியிருக்கிறது. இரண்டில் எது வந்தாலும் வாங்க வேண்டாம். வாங்கிய பிறகு ஒரு எச்சரிக்கை: கேமராவுக்கு மேல் பிளாஸ்டிக் மூடி ஒட்டாதீர்கள். திரைக்கும் கீபோர்டுக்கும் இடைவெளி மிகக் குறைவு. ஒட்டியபடி மூடினால் திரை விரிசல் விடலாம், திரையை மாற்றும் செலவு பெரிது.

ஏருக்குச் சரியான போட்டி, 2018ல் வந்த லெனோவோவின் திங்க்பேட் டி480. கம்பெனிகள் மொத்தமாகக் கழித்தவை சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் கிடைக்கும். விலை ஏரைவிட நன்றாகவே குறைவு. இதன் பலமே கழற்றி மாட்டும் வசதிதான். ரேமுக்கு இரண்டு ஸ்லாட் உண்டு. பெரும்பாலும் ஒரே 8 ஜிபி குச்சியோடு வரும். இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 போட்டால் டூயல் சேனலாகி (இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்து), திரை வேலைகளும் லேசாகும். பேட்டரியும் இரண்டு: உள்ளே 24 வாட்-அவர், வெளியே 24 முதல் 72 வாட்-அவர் வரை. உள் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளிப் பேட்டரியைக் கழற்றி மாற்றலாம். பல வருடம் ஆன மெஷினுக்கு இது பெரிய விஷயம், ஏனென்றால் முதலில் தேயும் பாகம் பேட்டரி. கீபோர்டைப் பற்றித் தயங்காமல் சொல்லலாம்: நாள் முழுக்கத் தமிழ்99 கீபோர்டு முறையில் அடிப்பவருக்கு இந்த மூன்றில் இதுவே சுகம். எடை மட்டும் 1.58 கிலோவில் தொடங்குகிறது. பெரிய பேட்டரி மாட்டினால் அதற்கும் மேல்.

திரையில் ஏமாறாதீர்கள். 1366க்கு 768 திரை வைத்த டி480ம் உண்டு; பக்கவாட்டில் பார்த்தால் நிறம் வெளுத்துவிடும். 1920க்கு 1080 ஐபிஎஸ் திரை என்று கேட்டு வாங்குங்கள். டி470 இன்னும் மலிவு என்பார்கள். அதில் இருப்பது ஆறாம் அல்லது ஏழாம் தலைமுறை இன்டெல், விண்டோஸ் 11க்கான பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. லினக்ஸ் போடுபவர்கள் மட்டும் அதை எடுக்கலாம்.

டி480ல் ஒரு பிறவிக் குறை இருக்கிறது. டைப்-சி போர்ட்டை இயக்கும் தண்டர்போல்ட் சிப்பின் பழைய ஃபர்ம்வேர் (சிப்புக்குள் இருக்கும் மென்பொருள்) ஓட ஓடக் கெட்டு, ஒருநாள் டைப்-சி வழியாகச் சார்ஜே ஏறாது. லெனோவோ இதற்கு அப்டேட் கொடுத்திருக்கிறது, ஆனால் கெடுவதற்கு முன்பே போட வேண்டும். கெட்டபின் சிப்பை வெளிக்கருவி வைத்துத் திரும்ப எழுதவேண்டி வரும். கடையிலேயே இரண்டு டைப்-சி போர்ட்டிலும் சார்ஜ் ஏறுகிறதா என்று பாருங்கள். பிறகு ஆன் செய்யும்போது எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முந்தைய செட்டப் திரைக்குள்) போங்கள். சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்டால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். போர்டில் இருக்கும் சின்ன பட்டன் பேட்டரியைக் கழற்றினாலும் அந்தப் பாஸ்வேர்டு போகாது. கடைசியாக, கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி (powercfg /batteryreport) கட்டளையால் பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, முழுச் சார்ஜ் கொள்ளளவை வடிவமைப்புக் கொள்ளளவோடு ஒப்பிடுங்கள். 70 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் புதுப் பேட்டரி விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ரேம் மாற்றத் திறப்பதற்கு முன், பயாஸில் உள் பேட்டரியை அணைக்க மறக்கக் கூடாது.

மூடிக் கிடக்கும் சோதனையில் விண்டோஸ் தோற்பது ஸ்லீப்பால்தான். புது மாடல்களில் வரும் மாடர்ன் ஸ்டாண்ட்பை என்ற ஸ்லீப் முறை பைக்குள்ளேயே விழித்து, சூடாகி, சார்ஜைத் தின்றுவிடும். கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில், மூடியைச் சாத்தினால் ஹைபர்னேட் (வேலையை டிஸ்கில் சேமித்துவிட்டு முழுதாக அணைவது) என்று மாற்றி வையுங்கள். திறக்கும்போது சில நொடி கூடுதலாகக் காத்திருக்க வேண்டும், ஆனால் சார்ஜ் அப்படியே இருக்கும்.

குரோம்புக், அதாவது கூகுளின் குரோம் ஓஎஸ்ஸில் ஓடும் லேப்டாப், பிரவுசரிலேயே எல்லா வேலையும் முடிந்துவிடுகிறவருக்கு மட்டும். தமிழ்99 அதிலும் உண்டு. ஆனால் 4 ஜிபி ரேம் மாடலில் டேப் மாற்றும்போதெல்லாம் பக்கம் மறுபடி லோடாகும். ஆண்ட்ராய்டு டேப்லெட் ஏற்கெனவே செய்யும் வேலையையே பெரும்பாலும் இதுவும் செய்யும். பழையதாக வாங்கினால் அப்டேட் எந்த மாதம்வரை வரும் என்பதை செட்டிங்ஸில் பாருங்கள். 2021 முதல் வந்த மாடல்களுக்குப் பத்து வருடம் உண்டு, அதற்கு முந்தையவற்றில் மாடலுக்கு மாடல் மாறும்.

இருபத்தைந்தாயிரத்துக்குள் கிடைக்கும் புது செலரான் (இன்டெல்லின் மலிவு பிராசஸர்) லேப்டாப்பைத் தவிர்த்துவிடுங்கள். வாரன்டி ஒன்றுதான் அதன் பலம்.

ஐபேட் வைத்திருப்பவருக்கு எம்1 ஏர். ஆண்ட்ராய்டு டேப்லெட்டும் விண்டோஸ் டெஸ்க்டாப்பும் இருப்பவருக்கு டி480. டெஸ்க்டாப் விண்டோஸாக இருந்து ஏர் வாங்கினால் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை, இரண்டிலும் எழுத முடிகிற எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்டுக்கு மாற்றுங்கள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபார்மேட்டில் இருப்பதை மேக் படிக்கும், எழுதாது. ஃபார்மேட் செய்தால் உள்ளதெல்லாம் அழியும், முதலில் நகல் எடுத்துவிடுங்கள்.

எதை வாங்கினாலும் 65 வாட் பிடி (பவர் டெலிவரி என்ற டைப்-சி சார்ஜிங் முறை) சார்ஜர் ஒன்று வாங்கிவிட்டால், டைப்-சி டேப்லெட்டும் லேப்டாப்பும் அதிலேயே ஓடும். தேவையான அளவை மட்டும்தான் டேப்லெட் கேட்டு வாங்கும், கெடாது. மாறாக டேப்லெட்டின் 20 வாட் சார்ஜரில் ஏர் மெதுவாக ஏறும், டி480க்கு அது போதாது. கேபிளையும் கவனியுங்கள்: சாதாரண 3 ஆம்பியர் டைப்-சி கேபிளில் 60 வாட்டுக்கு மேல் போகாது. முழு 65 வாட் வேண்டுமென்றால் 5 ஆம்பியர் கேபிள் என்று கேட்டு வாங்குங்கள்.