லவுஞ்ச் இலவசம் என்று கார்டு விற்பவர்களிடம் கவனம்

ஒன்பது வருடமாக என்னிடம் இருப்பது வருடக் கட்டணமே இல்லாத சாதாரண கிரெடிட் கார்டு. போன ஜனவரியில் ஒரு மாலில் ஸ்டால் போட்டிருந்த தனியார் வங்கி ஆளிடம், அம்மாவைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூரில் தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். உடனே டிராவல் கார்டு ஒன்றை எடுத்து நீட்டினார். "ஏர்போர்ட் லவுஞ்ச்ல, அதாவது அங்க இருக்கிற ஓய்வறைல, நீங்களும் அம்மாவும் ஃப்ரீயா சாப்பிடலாம் சார். வெளிநாட்டுல எக்ஸ்ட்ரா சார்ஜ் கிடையாது. முதல் வருஷம் ஃபீஸும் இல்லை." நம்பி ஓடிபியைச் சொல்லிவிட்டேன்.

முதல் பில்லிலேயே 5,000 ரூபாய் கட்டணம், அதற்கு 18% ஜிஎஸ்டி 900. கேட்டால், 90 நாளில் ஒரு லட்சம் செலவு செய்தால்தான் அது திரும்ப வருமாம்.

சரி, லவுஞ்சாவது கிடைக்கும் என்று நினைத்தேன். சென்னை விமான நிலையத்தில் இரவு பதினொரு மணி. கவுண்டரில் இருந்த பெண் கார்டை மூன்று முறை தேய்த்துப் பார்த்துவிட்டு, "போன குவார்ட்டர்ல 50,000 செலவு பண்ணியிருக்கணும் சார்" என்றார். கார்டு என் கைக்கு வந்தே ஒன்றரை மாதம்தான், போன காலாண்டில் எப்படிச் செலவு செய்வது? செய்திருந்தாலும் அம்மாவுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமாம். முட்டிவலியோடு அம்மா பையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்தபடி நின்றார். "வேண்டாம்ப்பா, வா, ஒரு காபி குடிச்சுக்கலாம்" என்றார். எனக்கு அழுகை வராத குறை.

ஊர் திரும்பியதும் அடுத்த பில். சிங்கப்பூரில் செய்த 60,000 ரூபாய் செலவுக்கு 3.5% ஃபாரெக்ஸ் மார்க்அப் (வெளிநாட்டுப் பணத்தில் செலவு செய்வதற்கு வங்கி போடும் கூடுதல் கட்டணம்), அதன்மேல் ஜிஎஸ்டி, ஆக 2,478 ரூபாய். என் பழைய கார்டிலும் இதே 3.5%தான்! (அங்கே கடைகளில் ரூபாயா, டாலரா என்று மெஷின் கேட்டால் டாலரையே அழுத்துங்கள். ரூபாய் என்றால் பெரும்பாலும் மோசமான ரேட்தான் கிடைக்கும்.)

மாதாமாதம் பறக்கிறவர்களுக்குக் கட்டண கார்டு கட்டுப்படியாகலாம். வருடத்துக்கு ஒருமுறை போகிறவர்கள், கட்டணத்தையும் ஜிஎஸ்டியையும் கூட்டி, லவுஞ்சுக்கு எத்தனை தடவை உண்மையில் போவீர்கள் என்று கணக்குப் போடுங்கள். விண்ணப்பத்தோடு வட்டி, கட்டண விவரமுள்ள ஒரு பக்கத் தாளை வங்கி தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. எனக்கு அதைக் காட்டவே இல்லை. நானும் கேட்கவில்லை. லவுஞ்சுக்கு என்ன நிபந்தனை என்பதையும் அந்த ஆளிடம் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள்.

கார்டை மூடச் சொல்லி மூன்று தடவை போன் செய்தேன். ஒவ்வொரு தடவையும் புது ஆஃபர்தான் சொன்னார்கள். பாக்கி இல்லாத கார்டை 7 வேலை நாளில் மூடாவிட்டால் நாளுக்கு 500 ரூபாய் அபராதம் என்ற ரிசர்வ் வங்கியின் 2022 விதியைக் குறிப்பிட்டு மெயில் போட்டேன். நான்காம் நாள் மூடினார்கள். கட்டணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு மட்டும், "நீங்கள் ஓடிபி கொடுத்து ஏற்றுக்கொண்டீர்கள்" என்று பதில். வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஒம்பட்ஸ்மேனுக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். இன்னும் முடிவு வரவில்லை.