பத்துக் குப்பிக்குக் குறையாமல்: பாம்புக்கடி ஊசி ஒரு மதிப்பீடு

இந்தியாவில் பாம்புக்கடி ஊசி எந்தக் கம்பெனியின் பெயரில் வந்தாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் சேர்த்துக் குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புப் புரதம். ஆஸ்பத்திரிப் பேச்சில் ஏ.எஸ்.வி. (ஆன்டி ஸ்நேக் வெனம்).

திரவமாகவும் வருகிறது, பொடியாகவும் வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பொடியே நல்லது. திரவத்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்தாக வேண்டும். கரண்ட் போனால் அது தாங்காது.

பொடியின் தொல்லை கரைப்பதில் இருக்கிறது. குப்பிக்கு 10 மி.லி. ஊசித் தண்ணீரைச் சுவரோரமாக விட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்ட வேண்டும். அவசரத்தில் இருமல் மருந்து மாதிரி குலுக்கினால் நுரை பொங்கும். புரதம் கெடும், மருந்தில் ஒரு பங்கு நுரையோடு போய்விடும். கலங்கலாகவோ திட்டுத் திட்டாகவோ நின்றால் அந்தக் குப்பி வேண்டாம். பத்துக் குப்பியை ஒரே நர்ஸ் கரைக்க நேரம் பிடிக்கும். இரண்டு பேர் உட்காருவது நல்லது.

தொடக்கமே பத்துக் குப்பி. ஏன் பத்து? 1 மி.லி. மருந்து, நல்ல பாம்பு அல்லது கண்ணாடி விரியனின் விஷத்தில் 0.6 மி.கி. அளவை முறிக்கும். மற்ற இரண்டிலும் 0.45 மி.கி.தான். ஆக ஒரு முழுக் குப்பி முறிப்பது கண்ணாடி விரியன் விஷத்தில் வெறும் 6 மி.கி. அந்தப் பாம்போ ஒரு கடியில் சராசரியாக 63 மி.கி. இறக்குகிறது, 147 மி.கி. வரை போகலாம். 'முதலில் ரெண்டு குப்பி போட்டுப் பார்ப்போம்' என்பது கணக்குத் தெரியாத வைத்தியம். குழந்தைக்கும் அதே பத்துதான், ஏனென்றால் பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. மருந்தைக் கலந்து டிரிப்பாக ஏற்றும் சலைன் அளவை மட்டும் எடைக்கேற்பக் குறைத்து, ஒரு மணி நேரத்தில் ஏற்றலாம்.

இந்த மருந்தின் பெரிய குறையும் இதுவே. வீரியம் குறைவு, அதனால் குப்பிகள் கூடுகின்றன, அதனால் உடம்பில் ஏறும் குதிரைப் புரதமும் கூடுகிறது. அரிப்பு, தடிப்பு, வாந்தி, மூச்சிரைப்பு, ரத்த அழுத்தம் சரிதல் எதுவும் வரலாம். முதல் கால் மணி நேரம் யாராவது கட்டிலருகே நிற்க வேண்டும். டிரிப் போடும் முன்பே அட்ரினலின் 0.5 மி.கி. சிரிஞ்சில் தயாராக இருக்க வேண்டும். ஒவ்வாமை வந்தால் டிரிப்பை நிறுத்தித் தொடைத் தசையில் போட வேண்டும். அடங்கியதும் மருந்தை மெதுவாகத் தொடரலாம். தோலில் சோதனை ஊசி போட்டுப் பார்ப்பது வீண் வேலை, எதையும் முன்கூட்டிச் சொல்லாது. முன்னெச்சரிக்கையாகத் தோலுக்கடியில் 0.25 மி.கி. அட்ரினலின் கொடுத்தால் கடும் ஒவ்வாமை குறைகிறது என்று 2011இல் வெளியான இலங்கை ஆய்வு காட்டியது. ஒவ்வாமைக்கு வழக்கமாகத் தரும் ஹைட்ரோகார்ட்டிசோனும் புரொமெத்தசினும் அதில் உதவவில்லை.

கடிபட்ட எல்லாருக்கும் இது தேவையில்லை. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் ரத்தத்தை உறையவிடாது. அந்தக் கடியா என்ற சந்தேகத்துக்கு 20 நிமிடச் சோதனை: 2 மி.லி. ரத்தம், புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாய், அசைக்காமல் வைத்து, 20 நிமிடம் கழித்துச் சாய்த்துப் பார்ப்பது. உறையாமல் வழிந்தால் மருந்து தேவை. பிளாஸ்டிக் குழாயிலும் சோப்புப் போட்டுக் கழுவிய குழாயிலும் நல்ல ரத்தம்கூட உறையாமல் நிற்கும். வீணாகப் பத்துக் குப்பி போய்விடும். மருந்து போட்டபின் ஆறு மணி நேரம் கழித்தே மறுசோதனை, ஏனென்றால் உறைபொருளைக் கல்லீரல் மறுபடி உண்டாக்க அவ்வளவு நேரமாகும்.

எதிர்பார்க்கக் கூடாதவையும் உண்டு. கட்டுவிரியன் விஷம் நரம்பு முனையைக் கெடுத்தபின் ஊசி அதைச் சரிசெய்யாது. வென்டிலேட்டர்தான் ஆளைக் காப்பாற்றும். நல்ல பாம்புக் கடியில் கண் இமை சரிந்தால் அட்ரோபினோடு, தசைத் தளர்ச்சியைக் குறைக்கும் நியோஸ்டிக்மின் ஊசி கைகொடுக்கும், கட்டுவிரியனுக்கு அது பெரிதாகப் பலிக்காது. அழுகிய சதையை எந்தக் குப்பியும் மீட்காது. மேற்குத் தொடர்ச்சி மலைக் குழிவிரியனுக்கு இந்த ஊசி செய்யப்படவே இல்லை.

மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு, மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வருகிறது. நம் பக்கத்துப் பாம்புக்கு இது பொருத்தம். ஒரே இனத்தின் விஷம்கூட ஊருக்கு ஊர் மாறுவதால், ராஜஸ்தான் பாம்புகளுக்கு அதே அளவு எடுபடுவதில்லை.

டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி கட்டாயம் எழுத வேண்டும்: ஐந்து முதல் பத்து நாளுக்குள் காய்ச்சல், மூட்டுவலி, தடிப்பு வந்தால் திரும்பி வரவும்.