பேரழிவுப் படத்துக்கு எதை வாங்குவது: 100 அங்குலப் புரொஜெக்டரா, சப்வூஃபரோடு ஒரு சவுண்ட்பாரா?

கொழும்பில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலும் கைக்கடக்கமான புரொஜெக்டர்களுக்கு இப்போது குறைவில்லை. பெட்டியில் ‘4கே’ என்று ஒரு ஸ்டிக்கர், பக்கத்தில் ஆயிரக்கணக்கில் லூமென்ஸ் (வெளிச்சத்தின் அளவு), 200 அங்குலம் வரை படம் விழும் என்ற உறுதிமொழி. கிட்டத்தட்ட அதே காசுக்கு, டிவிக்குக் கீழே வைக்கும் நீள ஸ்பீக்கரும் தாழ்ந்த உறுமலுக்கென்று தனிச் சப்வூஃபர் பெட்டியும் சேர்ந்த 2.1 சவுண்ட்பார் ஒன்றையும் எடுக்கலாம். வீட்டில் ஏற்கெனவே 43 அல்லது 55 அங்குல டிவி இருக்கிறது. நகரம் மூழ்குவதையும் விண்கல் விழுவதையும் ஒழுங்காகப் பார்க்கத்தான் இந்தச் செலவு என்றால், சவுண்ட்பாரை எடுங்கள். தீர்ப்பு இவ்வளவுதான். காரணங்கள்தான் நீளம்.

சோதிக்க இரண்டு படங்கள் போதும். ஒன்று ரோலண்ட் எமெரிக்கின் ‘த டே ஆஃப்டர் டுமோரோ’, 2004, 124 நிமிடம்: ஆலங்கட்டி மழை, சுழல்காற்று, நியூயோர்க்குக்குள் புகும் கடல், பிறகு கடைசிவரை பனி. மற்றது அல்ஃபோன்சோ குவாரோனின் ‘கிராவிட்டி’, 2013, 91 நிமிடம்: விண்வெளிக் குப்பை மோதி விண்கலம் சிதறும் கதை. முதலாவதன் தண்ணீரும் பனியும் இணைய இணைப்பைப் பிழிந்தெடுக்கும். இரண்டாவதன் கறுப்பும் அமைதியும் திரையின் வண்டவாளத்தை வெளியே கொண்டுவரும்.

முதலில் புரொஜெக்டர். பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் லூமென்ஸை விட்டுவிடுங்கள். ‘ஆன்சி லூமென்ஸ்’ (தர முறைப்படி அளந்த வெளிச்சம்) என்று தனியாகப் போட்டிருக்கிறதா என்று தேடுங்கள். போட்டிருந்தால், சின்னப் புரொஜெக்டர்களில் அது 200ஐச் சுற்றி நிற்பது வழக்கம். 100 அங்குலப் படத்தின் பரப்பு சுமார் 2.75 சதுர மீட்டர். 200 லூமென்ஸை அதன்மேல் பரப்பினால் திரையில் கிடைக்கும் பிரகாசம் 23 நிட்ஸ் அளவு. திரையரங்குக்கு வகுத்திருக்கும் தரம் 48 நிட்ஸ். பாதிகூட இல்லை, அதுவும் அறை கும்மிருட்டாக இருந்து, நல்ல வெள்ளைத் திரையும் இருந்தால்தான். மங்கல் மஞ்சள் அடித்த சுவர் என்றால் இன்னும் குறையும். 48ஐத் தொட வேண்டுமானால் படத்தை 70 அங்குலத்துக்குச் சுருக்க வேண்டும். அப்படிச் சுருக்கிய பிறகு, 250, 300 நிட்ஸைச் சாதாரணமாகத் தரும் 55 அங்குல டிவியை அணைத்துவிட்டு இதை ஏன் பார்க்க வேண்டும்?

கறுப்பு இன்னொரு தலையிடி. சுவரின் நிறத்தைவிடக் கறுப்பாக எந்தப் புரொஜெக்டராலும் காட்ட முடியாது. ‘கிராவிட்டி’யில் திரையின் பெரும்பகுதி வெறும் விண்வெளி. காலி வீதிப் பக்கத்து வெளிச்சம் யன்னல் சீலைக்குள்ளால் கொஞ்சம் கசிந்தாலே அந்த விண்வெளி சாம்பல் பூத்துவிடும். நட்சத்திரங்கள் காணாமல் போகும். டிவியிலும் பலகத்தைப் பொறுத்தது இது. விஏ என்ற வகைப் பலகம் 3000:1க்கு மேல் கொன்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள பிரகாச விகிதம்) தரும், ஐபிஎஸ் வகை 1000:1 அளவில் நின்றுவிடும். ஆனால் விஏ பலகத்தைப் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் வெளிறும். ஹோலின் மூலைக் கதிரையில் இருப்பவர் குறை சொன்னால் அதில் நியாயம் உண்டு.

‘4கே சப்போர்ட்’ என்றால், 4கே சிக்னலைக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளும் என்று மட்டுமே அர்த்தம். உள்ளே இருக்கும் பலகம் 1280×720 ஆகவோ 1920×1080 ஆகவோ இருக்கும். ‘நேட்டிவ் ரெசலூஷன்’ எவ்வளவு என்று கடையில் கேளுங்கள். அதைவிட மோசமான கண்ணி ஒன்று உண்டு: அண்ட்ரொய்ட் ஏற்றி வரும் மலிவு மாதிரிகள் பலவற்றில் வைட்வைன் என்ற நகல்தடுப்பு முறையின் எல்1 சான்று இல்லை, அதைவிடத் தாழ்ந்த எல்3 மட்டுமே. அப்படியானவற்றில் நெட்ஃபிளிக்ஸ் 480 வரிக்கு மேல் தராது. 1080 பலகம் வாங்கி, 480 வரிப் படத்தை 100 அங்குலத்துக்கு இழுத்துப் பார்ப்பதாகிவிடும். ஏற்கெனவே வாங்கியவர்கள் மனம் தளர வேண்டாம். சான்றுள்ள ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றை எச்டிஎம்ஐயில் செருகினால் இது தீரும்.

எங்கே வைப்பது என்பதும் லேசான விடயம் அல்ல. த்ரோ ரேஷியோ (சுவர்வரை உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தது) 1.25 என்றால் 100 அங்குலத்துக்கு லென்ஸில் இருந்து சுவர்வரை 2.75 மீட்டர் வேண்டும். வெள்ளவத்தைத் தொடர்மாடி ஹோல் ஒன்றில் அந்தக் கோட்டின் நடுவில்தான் சீலிங் ஃபேன் தொங்கும். கூரையில் மாட்டினால் ஃபேன் இறக்கை ஒளிக்கற்றையை வெட்டும். தொங்கவிடும் துணித் திரை என்றால் ஃபேன் காற்றில் நியூயோர்க் முழுவதும் அலையாடும். ஃபேனை நிறுத்தினால் ஏப்ரல் மாதத்தில் இரண்டு மணித்தியாலம் யார் இருப்பது? மேசையில் பக்கவாட்டாக வைத்து, சரிந்த படத்தைக் ‘கீஸ்டோன்’ என்ற செட்டிங்கால் நிமிர்த்தினால், பலகத்தின் பிக்சல்களில் ஒரு பகுதி பயன்படாமல் போகும், எழுத்துகள் மழுங்கும். புரொஜெக்டருக்குள் இருக்கும் விசிறியின் இரைச்சல் வேறு. சத்தம் அடங்கும் இடங்களில்தான் ‘கிராவிட்டி’ பயமுறுத்துகிறது. அங்கெல்லாம் காதுக்குப் பக்கத்தில் ஒரு ஹேர் டிரையர். ஒளிப்பாதை மூடப்படாத மாதிரிகளில் தூசி உள்ளே போய்ப் படிந்து, திரையில் சாம்பல் புள்ளியாகத் தெரியும். அதைத் துடைக்கப் புரொஜெக்டரின் உடலையே கழற்ற வேண்டும். கழற்றினால் வொரண்டி போய்விடும்.

பெரிய திரை இன்னொரு விதத்திலும் காலை வாரும். வீடியோவைச் சுருக்கும் முறை, முந்தைய சட்டகத்தில் இருந்து மாறியதை மட்டும் அனுப்பும் தந்திரத்தில் ஓடுகிறது. இரண்டு பேர் மேசையில் இருந்து கதைக்கும் காட்சிக்கு அது சுகம். பனி கொட்டும்போதும் அலை நுரைக்கும்போதும் ஒவ்வொரு புள்ளியும் மாறுகிறது. ஒதுக்கிய பிட்ரேட் (நொடிக்கு அனுப்பும் தரவின் அளவு) போதாமல் படம் சதுரம் சதுரமாக உடைகிறது. 4கே ஸ்ட்ரீமிங்குக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 எம்பிபிஎஸ் இணைப்பு. 4கே புளூரே டிஸ்க் 100 எம்பிபிஎஸைத் தாண்டியும் ஓடக்கூடியது. பேரழிவுப் படத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும், 55 அங்குலத்தில் கொஞ்சம், 100 அங்குலத்தில் அப்பட்டமாக. இரவு எட்டு மணிக்குத் தொடர்மாடி முழுவதும் வைஃபையில் இருக்கும் நேரம் ரவுட்டரில் இருந்து டிவிக்கு ஒரு லான் வயர் இழுத்துவிடுங்கள். டேட்டாவையும் பாருங்கள்: 4கே மணிக்கு 7 ஜிபி வரை தின்னும், எச்டி 3 ஜிபி வரை. அளந்து தரும் பெக்கேஜ் வைத்திருப்பவருக்கு 124 நிமிடப் படம் ஒன்று 14 ஜிபிக்கு மேல் போகலாம்.

இனி ஒலி.

படங்களோடு வரும் 5.1 ஒலித்தடத்தில் ‘5’ என்பது வழக்கமான ஐந்து தடங்கள், அந்த ‘.1’ என்பது எல்எஃப்இ, 120 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள உறுமலுக்கென்றே ஒதுக்கிய தடம். மற்றத் தடங்களைவிட 10 டெசிபல் உரக்க ஒலிக்கும்படி அதை வகுத்திருக்கிறார்கள். டிவியின் சொந்த ஸ்பீக்கருக்காக 5.1ஐ இரண்டு தடமாகக் கலக்கும்போது, வழக்கமான கலவை முறையில் எல்எஃப்இயை அப்படியே கைவிட்டுவிடுவார்கள். மான்ஹாட்டன் தெருவுக்குள் தண்ணீர் திரும்பும் இடத்தில் டிவியில் கேட்பது ‘ஷ்ஷ்’ மட்டும். அடிவயிற்றில் உணர வேண்டியது வீட்டுக்கு வந்தே சேரவில்லை. திரையை 55இல் இருந்து 100 ஆக்கினாலும் அது வராது. சப்வூஃபர் வைத்தால் வரும்.

வாங்கி மாட்டியவர்களில் பலருக்கும் அது வராததற்குக் காரணம் டிவியின் ஒரு செட்டிங். சவுண்ட்பாரை டிவியில் ‘ஆர்க்’ என்று எழுதியிருக்கும் எச்டிஎம்ஐ துவாரத்தில் மாட்டுங்கள். மற்றத் துவாரத்தில் மாட்டினால் ஒலி வராது. பிறகு டிவியின் சவுண்ட் மெனுவில் ‘டிஜிட்டல் ஓடியோ அவுட்’ என்பதை ‘பிசிஎம்’மில் இருந்து ‘ஓட்டோ’ அல்லது ‘பிட்ஸ்ட்ரீம்’ ஆக மாற்றுங்கள். பிசிஎம்மில் விட்டால், டிவியே இரண்டு தடமாகக் கலந்து அனுப்பும். சப்வூஃபருக்கு மிச்சம் மீதிதான் கிடைக்கும். ஒப்டிக்கல் வயரிலும் டொல்பி டிஜிட்டல் 5.1 போகும், ஆனால் ஸ்ட்ரீமிங் சேவைகள் தரும் டொல்பி டிஜிட்டல் பிளஸ் அதில் நேராகப் போகாது. புளூடூத் வேண்டவே வேண்டாம்: உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்.

சப்வூஃபரை எந்த மூலையில் வைப்பது என்பதற்கு ஒரு பழைய வழி உண்டு. நீங்கள் இருந்து பார்க்கும் கதிரையில் சப்வூஃபரை வைத்து, உறுமல் உள்ள காட்சியை ஓடவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நகர்ந்து கேளுங்கள். எங்கே சத்தம் சீராக இருக்கிறதோ அங்கே அதை வையுங்கள். 3.6 மீட்டர் நீளமுள்ள, அதாவது 12 அடி அறையில் 48 ஹேர்ட்ஸ் அளவில் ஒலி குவிந்து ஒரே சுருதியில் ‘பூம்’ என்று வீங்கும். மூலைக்குள் தள்ளினால் இது கூடும். அரை மீட்டர் வெளியே இழுத்தால் குறையும். சவுண்ட்பாரோடு வரும் சின்னச் சப்வூஃபர்கள் 40, 50 ஹேர்ட்ஸுக்குக் கீழே அதிகம் இறங்காது. அதற்குக் கீழே உள்ள நில நடுக்கம் வேண்டுமென்றால் 10, 12 அங்குலத் தனி சப்வூஃபர்தான். அதைத் தொடர்மாடியில் போட்டால் நடுங்குவது கீழ்வீட்டுக்காரர்.

அந்தக் கீழ்வீட்டுக்காரர் உண்மையான பிரச்சினை. கொங்கிரீட் தட்டு தாழ்ந்த ஒலியைத் தாராளமாகக் கடத்தும். சப்வூஃபருக்குக் கீழே தடித்த ரப்பர் விரிப்பு போட்டால் தரை வழியாகப் போவது குறையும், காற்று வழியாகப் போவது குறையாது. இரவு பத்துக்குப் பிறகு ‘நைட் மோட்’ போடுங்கள். உரத்ததைத் தாழ்த்தி, முணுமுணுப்பை உயர்த்தித் தரும். படத்தின் வீரியம் பாதி போய்விடும் என்பது உண்மைதான். ஆகவே இந்த வகைப் படத்துக்கு ஞாயிறு பிற்பகலே தோதான நேரம். மெரின் டிரைவ் பக்கத்து வீடுகளில் ரயில் போகும் இரைச்சலை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பேச்சு விளங்கவில்லை என்றால் சவுண்ட்பாரைத் திட்டுவதற்கு முன் தரையைப் பாருங்கள். டைல்ஸ் தரை, சீமெந்துச் சுவர், வெறும் யன்னல்: ஒலி எங்கும் அடங்காமல் மோதித் திரியும். டிவிக்கும் இருக்கைக்கும் இடையில் ஒரு தடித்த கம்பளமும், யன்னலுக்குக் கனத்த சீலையும் போட்டாலே வசனம் தெளியும். தமிழ் டப்பிங்கில் பார்ப்பவர்கள் ஓடியோ பட்டியலையும் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் 5.1 என்று இருக்கும். தமிழுக்குப் பக்கத்தில் சில படங்களில் அது இருக்காது. அப்படி இருந்தால் தமிழைத் தெரிவுசெய்த உடனேயே சப்வூஃபர் பாதி தூங்கிவிடும்.

டிவியில் ஒரேயொரு மாற்றம் கட்டாயம். படங்கள் நொடிக்கு 24 சட்டகம். டிவி தானாக இடைச் சட்டகங்களைச் செய்து நுழைத்து அதை வழுவழுப்பாக்கும். அந்த வழுவழுப்பில் கணினியில் செய்த அலையும் இடியும் கட்டடமும் மெகா சீரியல் செட் மாதிரித் தெரியும். சாம்சங்கில் ‘ஓட்டோ மோஷன் பிளஸ்’ அல்லது ‘பிக்சர் கிளாரிட்டி’, எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’, சோனியில் ‘மோஷன்ஃபுளோ’ என்ற பெயரில் இருக்கும். அணைத்துவிடுங்கள். ‘ஃபில்ம்மேக்கர் மோட்’ இருந்தால் அதைப் போட்டாலே போதும். 55 அங்குலத்தில் 2.39:1 (உயரத்தைவிட 2.39 மடங்கு அகலமான) படம் மேலும் கீழும் 9 சென்டிமீட்டர் அளவு கறுப்புப் பட்டையோடுதான் வரும். ‘ஸூம்’ போட்டு நிரப்பினால் இருபக்கமும் வெட்டுப்படும். பட்டை உறுத்தினால் கதிரையை 2 மீட்டருக்குள் இழுத்துப் போடுங்கள். செலவில்லாமல் திரையைப் பெரிதாக்க வேறு வழி இல்லை.

பிற்பகல் படம் என்றேன். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் கொழும்பில் இடி வரும் நேரமும் அதுதான். சுவிட்சை அணைப்பது போதாது. பிளக், டிஷ் வயர், லான் வயர் மூன்றையும் கழற்றுங்கள். மின்னல் டிஷ் வயரால் வந்து எச்டிஎம்ஐ வழியாகச் சவுண்ட்பார்வரை போகும்.

2004 படத்தின் அலைக் காட்சி பற்றி ஒரு வார்த்தை. அது மே மாதம் வெளியானது. டிசம்பர் 26 சுனாமி அதன் பிறகுதான் வந்தது. மட்டக்களப்பிலோ முல்லைத்தீவிலோ ஆட்களை இழந்தவர்கள் ஹோலில் இருந்தால், சப்வூஃபரைக் காட்டுவதற்கு அந்தக் காட்சியைத் தெரிவுசெய்யாதீர்கள். ஆலங்கட்டிக் காட்சி போதும். படத்தின் விஞ்ஞானமோ சொல்லத் தேவையில்லை: உயரத்துக் குளிர்காற்று வேகமாக இறங்கி மனிதர்களை உறைய வைக்கிறதாம். இறங்கும் காற்று அமுங்கி, கிலோமீட்டருக்கு 10 பாகை அளவில் சூடேறும் என்பதே இயற்பியல்.

தனி வீடு, மொட்டை மாடி, பிள்ளைகள் பத்துப் பேர், இருட்டிய பிறகு கிரிக்கெட்டும் கார்ட்டூனும் என்றால் சின்னப் புரொஜெக்டர் நல்ல விளையாட்டுப் பொருள்தான். அதற்கென்று வாங்குங்கள். சவுண்ட்பார் வாங்கப் போகிறவர்கள் மூன்றைப் பார்த்தால் சரி: சப்வூஃபர் தனிப் பெட்டியாக இருக்க வேண்டும், எச்டிஎம்ஐ ஆர்க் இருக்க வேண்டும், றிமோட்டில் சப்வூஃபருக்கென்று தனிக் கூட்டல், கழித்தல் பொத்தான் இருக்க வேண்டும். பழைய வீடு என்றால், மூன்று சதுர முள் 13 அம்பியர் பிளக்குக்கு ஏற்ற துவாரம் சப்வூஃபர் வைக்கும் மூலையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.