கரண்ட் இருக்கும் காலத்தில்தான் ஜெனரேட்டர் பழுதாகிறது

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அந்தக் கிழமைதான் மட்டக்களப்புக் கல்லடியில் வீட்டோடு சேர்ந்த என் போட்டோக்கொப்பிக் கடைக்கு 2 கேவிஏ பெற்றோல் ஜெனரேட்டர் ஒன்றை வாங்கினேன். தினமும் ஓடிய வரைக்கும் ஒரு குறையும் இல்லை. கரண்ட் ஒழுங்காக வரத் தொடங்கியதும்தான் சனி பிடித்தது.

வரிசையில் காய்ந்து வாங்கிய பெற்றோல். வெளியே எடுக்க மனம் வருமா? தாங்கியில் அப்படியே விட்டு மூலையில் வைத்துவிட்டேன். அடுத்த மாரியில் ஒரு இரவு கரண்ட் போனது. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்மூட்டு நொந்ததுதான் மிச்சம்.

காலையில் கராஜுக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் பாஸ் தாங்கி மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "என்ன மனே, பழைய பெற்றோல விட்டுத்தானே வெச்சிருக்காய்?" பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றிக் காட்டினார். அடியில் தேன் நிறத்தில் பிசின். பெற்றோல் பாயும் ஜெட்டின் துளையோ ஊசி நுனி அளவுதான். துண்டு வயர் ஒன்றைச் சீவி, ஒற்றைச் செப்பு இழையை உருவி, அதால் குத்தி அடைப்பை எடுத்தார்.

அன்றிலிருந்து நிறுத்தும்போது சுவிட்சைத் தொடுவதில்லை. பெற்றோல் குழாயை மூடிவிட்டு, காபரேட்டரில் உள்ளதும் எரிந்து தானாக அணையும்வரை விடுகிறேன். நீண்ட நாள் தேவையில்லை என்றால் தாங்கிப் பெற்றோல் மோட்டார் சைக்கிளுக்குப் போகும். மாதம் ஒரு தடவை பதினைந்து நிமிடம், ஃபேனும் லைட்டும் கொழுவி ஓட்டுவேன்.

ஒயில் 10டபிள்யூ-30. ஓடிய முதல் 20 மணித்தியாலத்தில் ஒரு தடவை, பிறகு 100 மணித்தியாலத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒரு தடவை மாற்றுவேன். இன்ஜின் சூடாக இருக்கும்போது இறக்கினால் கசடும் சேர்ந்து வரும். காற்று ஃபில்டர் ஸ்பொஞ்சைச் சவர்க்காரத் தண்ணீரில் அலசிக் காயவைத்து, இரண்டு சொட்டு ஒயில் விட்டுப் பிழிந்து போடுகிறேன்.

கடற்காற்றுக்குத்தான் மருந்தில்லை. சைலன்சர் ஆணிகள் இரண்டே வருடத்தில் துருவேறிவிட்டன. பொலித்தீனால் மூடினால் உள்ளே வேர்த்து இன்னும் மோசம். பழைய பருத்திச் சேலைதான் சரி. மழைக்குப் பயந்து விறாந்தைக்குள் வைத்து ஓட்டாதீர்கள், புகையில் உள்ள, உயிரெடுக்கும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமே கிடையாது. நான் வெளியே, ஜன்னலை விட்டுத் தள்ளி, தகரக் கூரை போட்டிருக்கிறேன்.

சத்தம் மட்டும் குறையவில்லை. இரவில் போட்டால் பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலால் முறைப்பா. கொப்பி மெஷின் ஓடாத நேரம்தானே என்று அவவின் ஃப்ரிட்ஜுக்கும் ஒரு வயர் இழுத்துக் கொடுத்தேன். இப்போது, "தம்பி, இன்னும் போடல்லையா?" என்று அவதான் முதலில் கேட்கிறா.