உண்ணிச்செடி நாற்காலி: கூடலூர்ப் பட்டறை வேலை

காட்டை மூடிக் கிடக்கும் உண்ணிச்செடியை வெட்டி நாற்காலி செய்வது நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் நன்றாகவே கைவந்த தொழில். 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்ற யானை உருவங்களும் இதே குச்சியில் இங்குள்ள பழங்குடியினர் செய்தவைதான்.

அங்கே ஒரு பட்டறையில் செய்த இந்தக் கைவைத்த நாற்காலியின் அழகெல்லாம் முதுகுச் சாய்வில் இருக்கிறது. விரல் தடிமன் குச்சிகளை வேகவைத்து, பட்டை உரித்து, சூடு ஆறுமுன் வில்லாக வளைத்திருக்கிறார்கள். ஆறிய பிறகு வளைத்தால் வெளிப்பக்கம் நார் பிளந்துவிடும். இதன் வளைவில் ஓரிடத்திலும் பிளவில்லை. கணுவையும் கோணலையும் இழைத்து மறைக்காமல் விட்டது நல்ல ரசனை. பிரம்பு வேஷம் போடவில்லை.

ஆணி விஷயத்தில்தான் கோட்டை விட்டிருக்கிறார்கள். துளை போடாமல் நேராக அடித்ததில் இரண்டு குச்சிமுனைகள் கீறியிருக்கின்றன. அதுவும் சாதாரண இரும்பாணி; நீலகிரி ஈரத்தில் துருக்கறை இறங்காமல் இருக்காது. ஆர்டர் கொடுக்கும்போதே துருப்பிடிக்காத ஆணி கேளுங்கள்.

வாங்குமுன் கவிழ்த்துப் பாருங்கள். கணு இடுக்கில் பட்டை மிச்சமிருந்தால் பூச்சி தங்கும். மாவு போலத் தூள் கொட்டினால் வேண்டாம். வெட்டுமுனைகளிலும் அடிப்பக்கத்திலும் வார்னிஷ் பூசியிருக்கிறதா? இதில் இல்லை. ஈரம் ஏறுவதே அந்த வழியாகத்தான். தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் நீங்களே ஒரு கை பூசிவிடலாம். மெத்தை இல்லாமல் அரைமணி நேரம் வசதியாக உட்காரலாம்.