டீலரிடம் ஒன்று, பிரீடரிடம் ஒன்று: இரண்டு லேப்ரடார்களுக்கு அப்புறம்

நாய்க்குட்டியை டீலரிடம் (பிறரிடம் வாங்கி விற்பவர்) வாங்குவதா, பதிவு பெற்ற பிரீடரிடமா (தாய் நாயைத் தானே வைத்துக் குட்டி எடுத்து விற்பவர்), காப்பகத்தில் எடுப்பதா என்று கேட்டால் என்னால் நடுநிலையாகப் பதில் சொல்ல முடியாது. முதல் லேப்ரடாரை டீலரிடம் வாங்கினேன், இரண்டாவதைப் பிரீடரிடம். இனியும் வாங்கினால் பிரீடர்தான்.

டீலரிடம் கேட்ட அன்றே குட்டி கிடைக்கும். பிரீடரிடம் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், காசும் அதிகம். இதெல்லாம் தெரிந்த கதை. தாய் நாய் எங்கே என்று டீலரிடம் கேட்டேன், வேறு இடத்தில் இருக்கிறது என்றார், நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அந்த "வேறு இடம்" எப்படி இருக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை. இங்கிலாந்தில் இப்படி விற்கவே முடியாது: 2020 ஏப்ரல் முதல் ஆறு மாத வயதுக்குக் குறைந்த குட்டிகளை டீலர் போன்ற இடைத்தரகர்கள் விற்கத் தடை. பிரீடரிடமோ காப்பகத்திலோதான் வாங்க வேண்டும்.

முதல் நாய்க்கு ஒன்றரை வயதில் பின்னங்கால் தடுமாற ஆரம்பித்தது. இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத கோளாறு, லேப்ரடாரில் சகஜம். பரம்பரையும் காரணம், எடையும் காரணம், அதனால் முழுப் பழியையும் டீலர் மேல் போட மாட்டேன். பெற்றோரின் இடுப்பு எக்ஸ்ரேயைப் பார்த்து வாங்கினால் வாய்ப்பு குறையும், அவ்வளவுதான்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது எக்ஸ்ரே இல்லை, பிரீடர் கொடுத்த ஒப்பந்தத்தில் இருந்த ஒரே வரி. எந்த வயதிலும், எந்தக் காரணத்துக்காகவும் நாயை வைத்துக்கொள்ள முடியாமல் போனால் அவரிடமே திருப்பித் தர வேண்டும், வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், வீடு மாறினால் என்ன செய்வீர்கள் என்று அவர் துருவியபோது எரிச்சல்தான் வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், விற்ற எட்டுக் குட்டியும் ஒருநாள் தன் வாசலுக்கே திரும்பி வரலாம் என்றால் யார்தான் கண்டவருக்கு விற்பார், வருஷம் முழுக்கக் குட்டி போட வைப்பார்?

சட்டங்கள் இங்கேதான் கோட்டை விடுகின்றன என்று எனக்குப் படுகிறது. இந்தியாவின் 2017 விதிகள் பிரீடர் பதிவு செய்ய வேண்டும், எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. இங்கிலாந்தில் வருஷத்துக்கு மூன்று ஈத்து எடுத்து விற்றாலே லைசென்ஸ் வேண்டும். எல்லாம் அவசியம்தான், ஆனால் இவை பெரும்பாலும் குட்டி வாசல் தாண்டும் வரைக்கும்தான். வாங்கியவர் சலித்துப்போய்க் கைவிட்டால் அது காப்பகத்தின் தலைவலி. மைக்ரோசிப் (நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) பதிவில் உரிமையாளர் பெயரோடு பிரீடர் பெயரும் கடைசி வரை இருக்கட்டும், திரும்ப எடுத்துக்கொள்வதையும் லைசென்ஸ் நிபந்தனையாக்கட்டும் என்பேன்.

இப்படி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிரீடர்கள் எல்லாரும் சொன்னபடி திரும்ப வாங்கிக்கொள்வார்களா? எனக்கு அந்த நிலை வரவில்லை, அதனால் உறுதி சொல்ல முடியாது. காப்பகத்தில் நான் எடுத்ததே இல்லை. வளர்ந்த நாய் என்றால் அளவும் குணமும் முன்பே தெரியும் என்பது பெரிய சௌகரியமாகத் தோன்றுகிறது.

இரண்டாவது நாய்க்கு இப்போது மூன்று வயது, நடையில் குறை இல்லை, ஆனாலும் சின்ன வயசுதானே. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பிரீடர் அதன் எடையைக் கேட்பார், கூடியிருந்தால் எனக்குத் திட்டு விழும். டீலரின் நம்பரோ, முதல் நாய் நொண்ட ஆரம்பித்தபோதே உபயோகத்தில் இல்லை.